துத்தநாகத்துக்கு ரயில் உண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கூடுவாஞ்சேரிக்கு வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் அயர்லாந்தில் நேவன் என்ற ஊரில் குடியிருந்தோம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மகன் டப்ளினில், மகள் டப்ளினில், மருமகன் டப்ளினில் என்று சென்னைக்குத் தெற்கே பாதிப் பேருக்கு அங்கே யாராவது இருக்கிறார்கள் போல. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக: நேவன் டப்ளினுக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர். மீத் மாவட்டத்தின் பெரிய ஊர், பாய்ன் ஆறும் பிளாக்வாட்டர் ஆறும் சேருகிற இடம். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, திருப்பிப் படித்தாலும் அதே பெயர்தான் வரும், நம்ம விகடகவி மாதிரி. 2002-ல் சுமார் 20,000 பேர் இருந்த ஊர் 2022 கணக்கெடுப்பில் 34,000-ஐ நெருங்கிவிட்டது. நமக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா என்று இருக்கும். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே மொத்தம் 51 லட்சம் பேர்தான். 1851-க்கு அப்புறம் அவர்கள் 50 லட்சத்தைத் தாண்டியதே இப்போதுதான்.

மகனுக்கு டப்ளினில் வேலை. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை, நேவனில் வீடு பார்க்கிறேன் என்கிறான். 50 கி.மீ. ஒரு தூரமா, நான் 30 வருஷம் செங்கல்பட்டிலிருந்து பீச் ஸ்டேஷன் போய் வந்தவன். அவனுக்கு என்ன சொல்ல? (ஒரு ரயில்வே சீசன் டிக்கெட்காரர், ஊரப்பாக்கம்)

சார், நீங்கள் போய் வந்தது ரயிலில். உங்கள் மகனுக்கு ரயில் கிடையாது. அதைத்தான் முதலில் சொல்லணும்.

நம்ம பீச்–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடிவிட்டது. நேவனில் வழக்கமான பயணி ரயில் 1958-ல் நின்றதுதான், இன்று வரை திரும்பவில்லை. தண்டவாளம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊரை ஒட்டி டாரா என்ற ஈய, துத்தநாகச் சுரங்கம் உண்டு, ஐரோப்பாவிலேயே பெரிய துத்தநாகச் சுரங்கம், அங்கிருந்து டப்ளின் துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும். நான் குடியிருந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். துத்தநாகத்துக்கு ரயில் உண்டு, மனுஷனுக்குக் கிடையாது.

2010-ல் இரண்டு காரியம் நடந்தது. எம்3 என்கிற விரைவுச்சாலையைத் திறந்தார்கள், நேவனுக்கும் டப்ளினுக்கும் நடுவில் நம்ம பரனூர் மாதிரி ஒரு டோல். அதே வருஷம், அதே வழியில் இருக்கிற டன்பாய்ன் என்ற ஊர்ப் பக்கத்தில் அந்தச் சாலையோரமாகவே ஒரு ரயில் நிலையத்தையும் திறந்தார்கள். காரை அங்கே போட்டுவிட்டு டப்ளினுக்கு ரயில் ஏறலாம். அங்கிருந்து நேவன் வரைக்கும் பாதையை நீட்டுவதுதான் அடுத்த கட்டம். அதற்குள் நாட்டுப் பொருளாதாரம் படுத்துவிட்டது, திட்டம் அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது மறுபடி அரசின் நீண்டகாலத் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் மகன் வாங்கப்போகிற வீட்டுக்கடன் முடிவதற்குள் வந்தால் நல்லது.

ஆக மிச்சம் இருப்பது பஸ், இல்லை கார். நான் பஸ். காலை 6:10-க்கு நிறுத்தத்தில் நிற்கணும். டிசம்பரில் அங்கே எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழும், சாயந்திரம் நாலு மணிக்கு இருட்டிவிடும். அதாவது வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு, வாரநாளில் சொந்த வீட்டு வாசலை வெளிச்சத்தில் பார்க்கவே முடியாது. வழியில் இருக்கிற சின்ன ஊர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். பஸ் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே சூடாக உட்கார்ந்துகொண்டு, வெளியே மழைக்கோட்டோடு கை நீட்டுகிறவர்களைப் பார்ப்பேன், அப்புறம் பார்க்காத மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். டிரைவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. இறங்கும்போது ஒவ்வொருவரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள், முன்வாசல் வழியாக இறங்கினால் நேராக, பின்வாசல் என்றால் அங்கிருந்தே சத்தமாக. ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நின்றவனும் சொல்வான்.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வாரத்தில் இரண்டே நாள் அலுவலகம் என்றாயிற்று, அதற்கப்புறம்தான் நேவன் எனக்குப் பிடித்த ஊரானது. எனவே மகனிடம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள் அலுவலகம்? இரண்டு நாள் என்றால் தாராளமாகப் போகட்டும். ஐந்து நாள் என்றால் ரயில் இருக்கிற ஊராகப் பார்க்கச் சொல்லுங்கள், டிராகடாவோ மேனூத்தோ.

என் தம்பி அங்கே 'எஸ்டேட்டில்' வீடு வாங்கியிருக்கிறானாம். அவ்வளவு வசதி வந்துவிட்டதா? (பொறாமை இல்லாத அக்கா, குரோம்பேட்டை)

பயப்படாதீர்கள் அக்கா, தேயிலைத் தோட்டம் இல்லை. அங்கே எஸ்டேட் என்றால் ஒரே அச்சில் வார்த்த ஐம்பது, நூறு வீடுகள் இருக்கிற குடியிருப்பு, நம்ம ஊர் நகர் மாதிரி. என் மாமியாரும் இதே குழப்பத்தில் மயிலாப்பூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "பையன் எஸ்டேட்டில் இருக்கான்" என்று சொல்லி, நாங்கள் லீவுக்கு வந்தபோது இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள்.

அங்கே வீடு வாங்குவது சுலபமா? பட்டா, வில்லங்கம், அப்ரூவல் என்று இங்கே ஆறு மாதமாக அலைகிறேன். (வாசகர், மறைமலைநகர்)

பத்திரக் கவலை கிடையாது, வக்கீல் பார்த்துக்கொள்வார். கடன்தான் இடிக்கும். அந்த நாட்டு மத்திய வங்கி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது: முதல் வீடு வாங்குபவருக்கு ஆண்டு வருமானத்தைப் போல 4 மடங்கு வரைதான் வழக்கமாகக் கடன், கையிலிருந்து 10 சதவீதம் போடணும். கணவன் மனைவி சேர்ந்து 90,000 யூரோ சம்பாதித்தால் 3,60,000 வரை. புது வீடாக இருந்தால், கட்டிய வருமான வரியிலிருந்து 30,000 யூரோ வரை திருப்பித் தரும் ஒரு திட்டமும் உண்டு, ஆனால் வீட்டு விலை 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்குப்படி டப்ளினுக்குள் பார்த்தால் ஒன்றும் தேறாது, 50 கிலோமீட்டர் தள்ளிப் போனால் மூன்று படுக்கையறை கிடைக்கும். நேவன் பெருத்ததற்குக் காரணம் இதுதான், கூடுவாஞ்சேரி பெருத்ததற்கும் இதேதான்.

இப்படிக் கோடு போட்டதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2008-க்கு முன்னால் கேட்டவருக்கெல்லாம் கேட்ட அளவு கடன் கொடுத்தார்கள், வயலெல்லாம் எஸ்டேட் ஆனது. திடீரென்று பணம் நின்றதும் பாதி கட்டிய குடியிருப்புகள் அப்படியே கிடந்தன. 2010-ல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க 2,800-க்கும் மேல். பேய் எஸ்டேட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒன்றில் மூன்று வருஷம் தெருவிளக்கு இல்லாமல் இருந்தவர், ஐந்தாவது வீடு வரைக்கும்தான் தார் ரோடு இருக்குமாம், அப்புறம் சேறு. நாங்கள் கடைசி வரை வாடகைக்குத்தான் இருந்தோம், அதனால் இந்த அலைச்சலை நான் நேராகப் படவில்லை, பட்டவர்களின் புலம்பலைக் கேட்டவள் மட்டும்.

ஒன்றுக்கு மட்டும் அவர்களைக் கும்பிடலாம். 2015-லிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஏழு எழுத்தில் ஒரு அஞ்சல் குறியீடு. அதைச் சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும். இங்கே நான் "பழைய எண் 14, புதிய எண் 31, மாரியம்மன் கோயில் தாண்டி லெஃப்ட், தண்ணீர் டேங்க் வந்தால் ஜாஸ்தி வந்துட்டீங்க" என்று வாரத்துக்கு நாலு தடவை போனில் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

எப்போதும் மழையாமே? (வாசகி, முடிச்சூர்)

எப்போதும்தான். ஆனால் தூறல். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கவில்லை. 2015 டிசம்பரைப் பார்த்த முடிச்சூர்க்காரருக்கு அது மழையே இல்லை. காற்றுதான் ஆளைத் தள்ளும். அப்புறம் ஒரு தகவல்: காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை எண் போட்டுச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோல் இருக்கிறதே, அந்த பியூஃபோர்ட் 1774-ல் பிறந்தது இதே நேவனில்தான். அந்த ஊரில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இட்லி மாவு புளிக்காது என்று மருமகள் அழுகிறாள். என்னதான் செய்தீர்கள்? (மாமியார், ஆனால் நல்ல மாமியார், நங்கநல்லூர்)

அம்மா, இந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன்.

முதல் வருஷம் நான் செய்யாத வித்தை இல்லை. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு வைத்தேன், கம்பளி சுற்றினேன், ஒரு ராத்திரி வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் படுக்கவைத்தேன். காலையில் மாவு அரைத்து வைத்த மாதிரியே அப்படியே முறைத்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் மாடியில் ஒரு அலமாரி இருக்கும், அதற்குள் வெந்நீர்த் தொட்டி. தொட்டியின் சூட்டில் துணி, துண்டெல்லாம் காய்ந்து கதகதப்பாக இருக்கட்டும் என்று தட்டுகள் அடித்திருப்பார்கள். 'ஹாட் பிரஸ்' என்பார்கள். துண்டு எடுக்கக் கதவைத் திறந்தேன், முகத்தில் ஒரு வெக்கை அடித்தது பாருங்கள், சித்திரை மாதம் எங்கள் அம்மா வீட்டு சமையல்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. அன்று ராத்திரியே மாவு உள்ளே போனது. பெரிய பாத்திரம், பாதிக்கு மேல் நிரப்பாமல், கீழே ஒரு தட்டு. காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. தட்டு வைக்காமல் ஒரு தடவை விட்டுவிட்டேன், வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை மூன்று உளுந்து வாசனையோடு அலுவலகம் போயின.

மருமகளிடம் சொல்லுங்கள்: ஹாட் பிரஸ், மேல் தட்டு, கல்லுப்பு போட்டுக் கையால் கலக்கி வைக்கணும். புது வீடு என்றால் அந்த அலமாரி பெரிதாகச் சுடாது, அப்போது ஓவனை ஐந்து நிமிஷம் சூடாக்கி அணைத்துவிட்டு உள்ளே வைக்கட்டும். கறிவேப்பிலைதான் தங்கம் விலை, ஃப்ரீசரில் போட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இந்துக் குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைக்குமா? அங்கே எல்லாம் கிறிஸ்தவப் பள்ளிகள் என்றார்கள். (ஒரு தாத்தா, மேடவாக்கம்)

ஏறக்குறைய சரி. ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தில், செலவு மட்டும் அரசுடையது. முன்பு இடம் பற்றாவிட்டால் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைக்கு முன்னுரிமை தரலாம் என்று சட்டமே இருந்தது. அது எங்கே போய் முட்டியது என்றால், டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் என்று இதே மாதிரி திடீரென்று வளர்ந்த ஊர், அங்கே 2007-ல் இருந்த பள்ளிகளில் இடம் கிடைக்காத குழந்தைகளுக்காக அவசரமாக ஒரு பள்ளி திறந்தார்கள். முதல் நாள் பார்த்தால் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாமே ஆப்பிரிக்கக் குடும்பத்துக் குழந்தைகள். நாடே வெட்கப்பட்டது. ஆனாலும் 2018-ல்தான் சட்டத்தை மாற்றினார்கள், இப்போது கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி மதத்தைக் காட்டி இடம் மறுக்க முடியாது. இப்போதைய கவலை மதம் இல்லை, எண்ணிக்கை. வீடுகள் வந்த வேகத்தில் வகுப்பறை வரவில்லை, என் பெண் இரண்டு வருஷம் மைதானத்தில் வைத்த தகரப் பெட்டி அறையில்தான் படித்தாள். வீட்டுச் சாவி வாங்கும் முன்னாடியே பள்ளியில் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே போன பிறகு எப்படி என்றால், இரண்டாம் வகுப்பில் கத்தோலிக்கக் குழந்தைகள் எல்லாரும் முதல் நற்கருணை என்ற சர்ச் சடங்குக்குத் தயாராவார்கள். நம்ம பிள்ளைகள் அந்த நேரத்தில் பின்னால் உட்கார்ந்து படம் வரையலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் என் பெண் ஒரு நாள் வந்து, "அம்மா, எல்லாரும் வெள்ளை கவுன் வாங்கிட்டாங்க, எனக்கு எப்போ?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த நாள் சொந்தக்காரர்கள் குழந்தை கையில் பணம் வேறு வைப்பார்கள், அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் டீச்சரே கூப்பிட்டு, உங்கள் வழக்கப்படி உடுத்தி அனுப்புங்கள், பாட்டுப் பாட வரட்டும் என்றார். மாம்பழக் கலர் பட்டுப்பாவாடையில் போனாள். வெள்ளைக்கு நடுவில் எங்கே நின்றாலும் தெரிந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி இருபது யூரோ வைத்துக் கொடுத்தார்.

கல்யாணமாகிப் போகிறேன். நான் வேலை பார்க்கலாமா? நாள் முழுக்கத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. (புதுப்பெண், பல்லாவரம்)

உன் கணவருக்கு 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்', அதாவது ஆள் தட்டுப்பாடான வேலைகளுக்குத் தரும் வகை அனுமதி என்றால், உனக்குத் தனி அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம்மா. உனக்குக் கிடைக்கும் அந்தக் குடியேற்ற அனுமதியை ஸ்டாம்ப் 1ஜி என்பார்கள்.

தனிமை உண்மைதான், மறைக்கமாட்டேன். நவம்பரில் எஸ்டேட் தெருவில் பகல் பதினோரு மணிக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. பால்காரர், கீரைக்காரம்மா, அயர்ன் வண்டி, ஒரு சத்தமும் இல்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நூலகத்தில் அட்டை போட்டுக்கொள், இலவசம், 2019-லிருந்து தாமதமானாலும் அபராதம் கிடையாது, வெளிச்சமும் சூடும் மனுஷ முகமும் இருக்கும். அப்புறம் உள்ளூர் 'கேலிக்' கிளப், அதாவது அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளுக்கான கிளப். உனக்கு விளையாடத் தெரியவேண்டாம், டீ போட ஆள் எப்போதும் தேவை. 2021-ல் மீத் பெண்கள் கேலிக் கால்பந்து அணி டப்ளினைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியபோது ஊர் முழுக்கப் பச்சையும் மஞ்சளும். எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை, ஆனால் யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். அந்த ஊரில் எனக்கு ஆட்கள் கிடைத்தது அன்றைக்குத்தான்.

நம்ம ஊர் லைசன்ஸ் செல்லுமா? (வாசகர், வண்டலூர்)

சுற்றிப் பார்க்கப் போனால் செல்லும். குடியேறினால் எழுத்துத் தேர்வு, பழகுநர் அனுமதி, கட்டாய வகுப்புகள், ஓட்டுத் தேர்வு என்று முதலிலிருந்துதான். பெருங்களத்தூர் சிக்னலில் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்றாலும் எடுபடாது. நான் முதல் தடவை ஃபெயில். கண்ணாடியைப் பார்க்கவில்லையாம். ஹாரன் அடித்ததற்குத் தனியாக ஒரு பார்வை.

டாக்டர்? (வாசகி, சேலையூர்)

அங்கே நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகமுடியாது, குடும்ப மருத்துவர் வழியாகத்தான். வளர்கிற ஊர்களில் அவர்கள் பட்டியல் நிரம்பிக் கிடக்கும், "புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்று நான்கு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் எங்களுக்கு ஐந்தாவது கிடைத்தது, அதுவும் 20 கி.மீ. தள்ளி. 8 வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவசம். குடும்ப மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. மாத்திரைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள்.

இந்தியர்களை அடிக்கிறார்களாமே. அனுப்பலாமா? (பெயர் வேண்டாம் என்ற ஒரு அம்மா, அடையாறு)

2025 ஜூலையில் டப்ளினின் டாலா பகுதியில் ஓர் இந்தியரைக் கும்பலாக அடித்தார்கள், அதைத் தொடர்ந்து இன்னும் சில. ஆகஸ்டில் இந்தியத் தூதரகமே கவனமாக இருக்கச் சொல்லி அறிவிப்பு விட்டது. அதையெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் இருந்தவரை பஸ்ஸில் பதின்வயதுப் பையன்கள் இரண்டு தடவை ஏதோ கத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் அங்கே இருக்கிற என் தோழி, மருத்துவமனை நர்ஸ், அந்த ஆகஸ்டில் இரவு டியூட்டி முடிந்து நடந்து வருவதை நிறுத்திவிட்டாள். அவள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் தாங்களாகவே முறை வைத்துக் காரில் கூட்டிவந்தார்கள். இரண்டும் ஒரே ஊரில் நடப்பதுதான். அனுப்புங்கள், ஆனால் முதல் ஆறு மாதம் ராத்திரி எப்படி வீடு திரும்புகிறான் என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, ஏன் திரும்பினீர்கள்? (பலர்)

மாமியாருக்கு முழங்கால். 2024 கோடையில் வந்தோம். வந்து இறங்கியதும், கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பஸ் நிலையம், 2023 கடைசியில் திறந்தது, ஆனால் அப்போது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. நான் சிரித்த சிரிப்பில் டாக்ஸி டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் வீடு கட்டி முடித்த அப்புறம் ரயிலை யோசிப்பதில் இரண்டு நாடும் ஒன்றுதான்.

அங்கிருந்து கொண்டுவந்து இன்னும் விடாத பழக்கம்? (வாசகர், கூடுவாஞ்சேரி)

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நன்றி சொல்வது. போன வாரம் ஷேர் ஆட்டோவில் இறங்கி வாய் தவறி "தேங்க்ஸ்ணா" என்றேன். அவர் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுத் திரும்பி, "என்னம்மா, சில்லறை தரலையா?" என்றார்.